அரிவரிக்கு முந்திய ஐந்தாண்டுகள்

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய நாள் தொட்டு, தமிழுக்கு இடங்கேட்டு நாம் ஏறாத படியில்லை. பாராளுமன்றத்திற் கேட்டோம், நீதிமன்றத்திற் கேட்டோம், 1961 இல் கச்சேரி வாயில்களில் வெயிலிலும் பனியிலும் சத்தியாக்கிரகம் இருந்து கேட்டோம். 1987 இல் வந்த பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று எழுதிற்று. எழுதியது நடந்ததா என்பது வேறொரு வழக்கு. அதனை இன்று நான் பேச வரவில்லை. தமிழுக்கு இடங்கொடுக்க எவருடைய அனுமதியும் வேண்டப்படாத ஓரிடம் உண்டு. வர்த்தமானி அவ்வீதியால் வருவதில்லை. சுற்றறிக்கை அப்படலையைத் திறப்பதில்லை. நம் வீட்டு அடுப்படியும் திண்ணையும் முற்றமுமே அவ்விடம். அங்கே அரிவரிக்குப் போகாத நம் குழந்தை எதனைக் கற்கின்றது? எப்படிக் கற்கின்றது? கற்கும்பொழுது சிரிக்கின்றதா, அழுகின்றதா? இக்கேள்வியை அரசியற் பத்திரிகையில் எழுப்புவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். அரசியலுக்கு இதனினும் அண்மையான கேள்வி யாது என்று அவர்களையே கேட்கின்றேன்.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். இந்நாட்டின் கல்விச் சட்டத்திற்கு அடிப்படை 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். அதன்கீழ் 1997 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 வயது முதல் 14 வயது வரை பிள்ளை கட்டாயமாகப் பாடசாலைக்குச் செல்லவேண்டும் என்றன. 2016 இல் அம்மேலெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. கீழெல்லை மாறவில்லை. ஐந்து வயதில் அரசு வந்து பிள்ளையின் கையைப் பிடிக்கின்றது. பாடவிதானம் அதனுடையது, பாடநூல் அதனுடையது, சரித்திரம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதும் அதனுடைய தீர்ப்பு. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளையோ சட்டம் பெற்றோரிடமே விட்டிருக்கின்றது. ஒரு சமூகத்தின் கையில் முழு உரித்துடன், எவ்வித வில்லங்கமுமின்றி இருக்கும் ஆதனம் இஃதொன்றே எனலாம். காணியுறுதிகளைப் புரட்டிப் பழகிய கண்ணுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

இவ்வாதனத்தை நாம் எவ்வாறு ஆளுகின்றோம்? மாலை ஆறரை மணிக்கு நம் ஊரொழுங்கை ஒன்றால் நடந்து பாருங்கள். விளக்கு வைத்தாயிற்று. ஒரு வீட்டில் மூன்றரை வயதுப் பெண்குழந்தை; முன்னாற் கொப்பி; பக்கத்தில் ஈர்க்குக் கட்டு. “இரண்டு பக்கம் ‘அ’ எழுதாமல் எழும்பக்கூடாது” என்கின்றாள் தாய். குழந்தையின் விரலோ பென்சிலைப் பிடிக்கவே இன்னும் பழகவில்லை. எழுத்துக் கோட்டுக்கு வெளியே ஓடுகின்றது. அழித்து அழித்துக் கடதாசி கிழிகின்றது. பிறகு ஓர் அடி, ஓர் அழுகை. தாயைக் குறைகூற நான் வரவில்லை. அவள் காலையில் வீட்டையும் பகலில் வேலையையும் தாங்கிவிட்டு, பிள்ளை முன்னேறவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு அங்கே இருக்கின்றாள். அவளை அப்படி இருத்தியது எது என்பதே கேள்வி.

அது ஓர் அச்சம். எழுபதுகளின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, கூடிய புள்ளி பெற்றும் வாயிலில் நின்ற தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதற்பாடம் “மற்றவனைவிட அதிகம் எடுக்காவிடில் உனக்கு இடமில்லை” என்பதே. தேசவழமை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று மூன்றைக் கூறும். இவ்வச்சம் முதுசொமாகவே கைமாறி வருகின்றது. உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்கு அஞ்சி ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஓடுகின்றோம். அதற்கு அஞ்சி மூன்றாந் தரத்தில் ரியூசன். அதற்கு அஞ்சி முதலாந் தரத்திற்குள் பிள்ளை வாசித்துக்கொண்டே நுழையவேண்டும். அதற்கு அஞ்சி முன்பள்ளியில் எழுத்து வேலை. முன்பள்ளியிற் பின்தங்கிவிடுமோ என்று அஞ்சி மூன்று வயதில் வீட்டிற் கொப்பி. கன்னங்கரா அவர்கள் 1945 இல் இலவசக் கல்வியை நிலைநாட்டியபோது, புலமைப்பரிசில் கிராமத்து ஏழைப் பிள்ளை ஏறுதற்கான ஏணியாயிருந்தது. பிற்காலத்தார் அவ்வேணியைத் தொட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டனர்.

இதன் பயனைக் கணக்கிடுவோம். நான்கு வயதிற் புத்தகத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பப் பழகிய பிள்ளை பத்து வயதிற் பரீட்சையிற் சித்தியெய்தவுங் கூடும். ஆனால் பரீட்சை முடிந்த மறுநாள் அது புத்தகத்தைத் தொடாது. வாசிகசாலை மேசைகளில் இளைஞர் குறைந்து வருவதற்குக் கைத்தொலைபேசியை மட்டும் குற்றஞ்சாட்டுவோர் இதனையும் நினைக்கவேண்டும். தமிழ் எழுத்தைத் தண்டனையாக முதலிற் சந்தித்த ஒருவன், பின்னர் அதனைத் தன் உரிமையாகக் கருதி நமது மேடைக்கு முன் வந்து நிற்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

அடியைப் பற்றி ஒன்று கூறியே ஆகவேண்டும். ஆசிரியர் ஒருவர் கன்னத்தில் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் கெட்ட வழக்கில், அவ்வடி அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரைக்கு முரணான இழிவான நடத்துகை என்று 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்த்து, நட்டஈடும் விதித்தது. சித்திரவதைக்கு எதிரான உறுப்புரை அது! பொலிஸ் நிலையங்களிலும் தடுப்புமுகாம்களிலும் நம் பிள்ளைகளுக்கு நேர்ந்தவற்றுக்காக நாம் வாதாடிய அதே உறுப்புரை. அதனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியில் வாதாடும் நாம், நம் வீட்டுத் திண்ணையில் ஈர்க்கை எடுக்கலாகுமா? மேலும், 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, 1991 இல் இலங்கை ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை விளையாட்டையே ஓர் உரிமையாகக் கூறுகின்றது. அதற்கு முந்திய 30 ஆம் உறுப்புரையோ சிறுபான்மை இனத்துப் பிள்ளை தன் மொழியை வழங்கும் உரிமையைக் கூறுகின்றது. தாய்மொழியும் விளையாட்டும் அச்சமவாயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர். நாமோ முப்பதை மேடையில் முழங்கிவிட்டு முப்பத்தொன்றை வீட்டில் மறந்துவிடுகின்றோம்.

இனி, செய்யத்தக்கது யாது?

விசயதசமியன்று நாம் ஏடு தொடக்குகின்றோம். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, குழந்தையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து எழுதுவிக்கின்றோம். மடியின் சூடு, அரிசியின் குறுகுறுப்பு, சூழ்ந்து நிற்போரின் மகிழ்ச்சி, பின்னர் வாயில் அவல், கடலை, சர்க்கரை. கல்வியின் தொடக்கத்தை இதனினும் இன்பமாக அமைத்த வேறு சமூகம் உண்டோ, அறியேன். ஆனால் அஃது ஒருநாட் சடங்காகவே நின்றுவிடுகின்றது. மறுநாள் அரிசி உலைக்குப் போகின்றது; பென்சிலும் ஈர்க்கும் வெளிவருகின்றன. வைத்தியராகிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 இல் உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றிற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்து, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலாற் தடவிப் பழகச் செய்தார். கைக்குப் பழக்கமாகிய வடிவம் பின்னர் தானாகவே எழுத்தாகியது. 1939 இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அவர் நுட்பமாக ஆராய்ந்து நிறுவிய உண்மையின் ஒரு கூறு நம் அரிசித் தட்டில் கிடந்தது. அத்தட்டை மேலும் முந்நூறு நாள் முற்றத்தில் வைத்திருந்தால் என்ன? அரிசி வேண்டாம், குருமணல் போதும். சுளகிற் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதில் ஒரு பெரிய சுகம் உண்டு. பிழைத்தால் ஒரு குலுக்குக் குலுக்கினாற் போதும். கடதாசி கிழியாது, மனமும் கிழியாது.

எந்த எழுத்தை முதலிற் கொடுப்பது? நெடுங்கணக்கு ‘அ’வில் தொடங்குகின்றது, அதனால் நாமும் ‘அ’வில் தொடங்குகின்றோம். ‘அ’வைச் சற்று உற்றுப் பாருங்கள். சுழி, வளைவு, கிடைக்கோடு, நெடுங்கோடு. மூன்று வயது விரலுக்கு அது மலையேற்றம். ‘ட’வோ ஒரு நெடுங்கோடும் ஒரு கிடைக்கோடும், ‘ப’வில் இன்னுமொரு நெடுங்கோடு கூடும், அவ்வளவே. அவற்றோடு ‘ம’வைச் சேர்த்தால் ‘படம்’ வந்துவிடும்; ‘பட்டம்’ வந்துவிடும். தைமாதக் காற்றில் வானத்திற் கொடியேறிய பட்டத்தைக் கண்ட பிள்ளை, அச்சொல் தன் சுளகு மணலில் கிடப்பதைக் காணும்போது அதன் முகத்தைப் பார்க்கவேண்டும். நெடுங்கணக்கின் ஒழுங்கை ஐந்து வயதிற்குப்பின் கற்றுக்கொள்ளட்டும். 247 எழுத்து என்று சொல்லிக் குழந்தையையும் தாயையும் சேர்த்து வெருட்டுவோர் உளர். 216 உயிர்மெய்களும் சில குறிகளின் மாறிமாறிச் சேர்க்கையே என்பதை அவர்கள் சொல்வதில்லை.

எழுத்துக்கு முன்னே சொல். இதிற்றான் கமக்காரன் வீட்டுப் பிள்ளை பெருஞ்செல்வன். ஒரு பனையைச் சுற்றிப் பிள்ளையை நடத்திச் செல்லுங்கள்: வடலி, குருத்தோலை, காவோலை, மட்டை, பன்னாடை, நுங்கு, பனங்காய், பனம்பழம், பூரான், கிழங்கு, ஊமல். ஒரு மரத்தடியிற் பதினொரு சொல். தோட்டத்திற்குப் போனால் தறை, வரம்பு, வாய்க்கால், பாத்தி, நாற்று. இவற்றைக் கற்பிக்கக் கொப்பியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். “எனக்கே எழுத்துக் குறைவு, நான் பிள்ளைக்கு என்னத்தைப் படிப்பிக்கிறது?” என்று கேட்ட விவசாயிகள் பலர். ஐயா, உமக்குத் தெரிந்ததில் அரைப்பங்கு இவ்வூர்ச் சட்டத்தரணிக்குத் தெரியாது. நீர் தண்ணீர் மாறும்போது பிள்ளையை வரம்பில் இருத்திப் பேசிக்கொண்டிரும். தனக்கென ஒரு கத்தரிக் கன்றை அதற்குக் கொடுத்து, ஒரு சிரட்டையால் நாள்தோறும் தண்ணீர் ஊற்றச் சொல்லும். இலை எத்தனை என்று அதுவே எண்ணி வந்து சொல்லும். எண்ணச் சொல்லி நீர் கேட்கவேண்டியதில்லை.

கணக்கு அடுப்படியிற் கிடக்கின்றது. நாலு சுண்டு ஒரு கொத்து என்பதை அரிசிப் பெட்டியடியில் அளந்து அளந்து ஊற்றிய பிள்ளை மறவாது. பின்னங் கணக்கு வரும் வகுப்பில் அதற்கு நடுக்கமும் இராது. வெங்காயத்தைப் பெரிது, சிறிது என்று பிரிப்பதும், பிட்டுக்கு மாக்குழைக்கையில் ஒரு பிடி மாவைப் பெற்று உருட்டுவதும், பயற்றில் கல் பொறுக்குவதும் விளையாட்டே. அதே வேளையில் பென்சில் பிடிக்கவேண்டிய விரல்கள் அங்கே பலம் பெறுகின்றன. வேப்பங்கொட்டையும் புளியங்கொட்டையும் செலவில்லாத எண்சட்டங்கள். ஆச்சி பேத்திக்குக் கொக்கான் வெட்டிக் காட்டுகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கல் மேலேறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு கணக்கு வகுப்பு. பனங்காய் வண்டில், பூவரசமிலைக் குழல், ஓலைக் காற்றாடி ஆகியவற்றை அப்பு செய்யும்போது அருகிருந்து பார்த்த பிள்ளை, ஒரு பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்று கேட்கத் தொடங்குகின்றது. கடையில் வாங்கிய நெகிழிப் பொம்மை அக்கேள்வியை எழுப்புவதில்லை. மூன்றாம் நாள் கையொடிந்து மூலையில் கிடக்கின்றது.

சென்ற ஆண்டு நீதிமன்ற வளவொன்றில் நான் கண்டதைக் கூறுகின்றேன். பராமரிப்பு வழக்கொன்றுக்கு வந்த தாய், வழக்குக் கூப்பிடுமட்டும் வேப்பமரத்தடியிற் குந்தியிருந்தாள். நாலு வயது மகன் சிணுங்கினான். அவள் தொலைபேசியைக் கொடுக்கவில்லை, அதட்டவும் இல்லை. “இந்த மரம் ராத்திரியில் யாரோடு கதைக்கும் சொல்லு?” என்றாள். அவன் யோசித்தான், காகம் என்றான், பிறகு இல்லை, நிலா என்றான், பிறகு இருவருமாக ஒரு கதையே கட்டிவிட்டனர். வழக்கு இரண்டு மணித்தியாலம் தாமதித்தது. அவ்விரண்டு மணித்தியாலத்தில் அப்பிள்ளை பெற்ற தமிழை எந்த ரியூட்டரியும் கொடாது. அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள் என்று பின்னர் அறிந்தேன்.

கதையும் நொடியும் பாட்டும் இல்லாத வீட்டிற் கல்வி இல்லை. 1848 இல் வண்ணார்பண்ணையிற் பள்ளி நிறுவிய ஆறுமுகநாவலர், கந்தபுராணமும் இலக்கணமும் பதிப்பித்த அதே கையாற் சிறுவர்க்குப் பாலபாடங்களையும் எழுதினார். அவ்வேலை தமக்குச் சிறிது என்று கருதவில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பின் கூழையும் கொழுக்கட்டையையும், கத்தரித் தோட்டத்து வெருளியையும் பிள்ளைகளுக்காகப் பாடினார். வெருளியைத் தோட்டத்தில் தினமும் காணும் பிள்ளைக்கு அவ்வெருளி பாட்டில் வந்து நிற்பது எத்தகைய வியப்பு! இவற்றை நம் தாய்மார் மனனமாகச் சொல்லிய காலம் உண்டு.

அளவும் முக்கியம். நான்கு வயதுப் பிள்ளையைப் பத்து நிமிடத்திற்கு மேல் ஒரே வேலையில் இருத்தாதீர்கள். ‘இன்னும்’ என்று அது கேட்கும்போதே நிறுத்துங்கள். மறுநாள் தானாக வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை எழுத்து எழுதுகின்றது என்ற பேச்சு வீட்டுக்குள் நுழையக்கூடாது. விருந்தினர் முன் நிறுத்தி ஒப்புவிக்கச் சொல்லும் வழக்கம் அறவே ஒழியவேண்டும். குழந்தை சாட்சிக் கூண்டில் நிற்பதற்கு இன்னும் காலமிருக்கின்றது.

உத்தியோகத்தர் வீடுகளுக்கு வருகின்றேன். கொழும்பிலும், இப்போது யாழ்ப்பாண நகரிலும், தாயும் தகப்பனும் தமக்குள் தமிழிற் பேசி, குழந்தையோடு மட்டும் ஆங்கிலத்திற் பேசும் வீடுகள் பல. சர்வதேசப் பாடசாலை நேர்முகத்திற்கு ஆயத்தமாம். இப்பாடசாலைகள் கல்விச் சட்டத்தின்கீழ் அன்று, கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை என்பதை இவ்விடத்திற் சொல்லிவைக்கின்றேன். ஆங்கிலம் வேண்டாம் என்பவன் நான் அல்லன். எழுவயதிலும் எட்டு வயதிலும் அதனை நன்றாகக் கற்கட்டும். ஆயினும் அவ்வீட்டில் அம்மம்மா ஒருத்தி இருக்கின்றாள். அவளுக்கு நூறு கதை தெரியும். பேரனுக்கு அவள் மொழி தெரியாது. ஒரே கூரையின்கீழ் இருவரும் புன்னகையால் மட்டும் உறவாடுகின்றனர். தாய்மொழியே தொடக்கக் கல்விக்குச் சிறந்த வாயில் என்று 1953 இல் யுனெஸ்கோ அறிக்கை கூறிற்று. இங்கே 1943 இன் கன்னங்கரா குழுவும் அதனையே கூறிற்று. சட்டத்தாற் பறிக்கப்படாத ஒன்றை நாமாகவே ஒப்படைப்பதற்கு எந்த நீதிமன்றத்திற் பரிகாரம் தேடுவது?

எல்லா வீட்டிலும் திண்ணை இல்லை என்பதை நான் மறக்கவில்லை. மலையகத்து லயத்து ஒற்றையறையில் முற்றம் எங்கே? விடியுமுன் கொழுந்துக்குப் போகும் தாய், பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுச் செல்கின்றாள். ஆகவே அங்கே பிள்ளையைப் பார்ப்பவருக்குப் பயிற்சியும் தகுந்த சம்பளமும் கேட்பது வீட்டுக் கல்விக்கான கோரிக்கையே. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் முகாம் கொட்டில்களிற் பிறந்து அங்கேயே எழுத்துக் கற்றனர். 2017 மார்ச்சில் கேப்பாப்பிலவு மக்கள் தம் காணியைக் கேட்டு வீதியோரம் அமர்ந்தபோது பிள்ளைகளும் உடனிருந்தனர். பிள்ளைக்கு விளையாட முற்றம் வேண்டும் என்பது காணிக் கோரிக்கையின் ஒரு பகுதி. இதனை நம் மனுக்களில் எழுதியதாக எனக்கு நினைவில்லை. போரின் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளிகள் பல சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின்கீழ் நடத்தப்பட்டன; ஆசிரியைகள் அத்திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தனர். மாகாணத்திற்குரிய முன்பள்ளி ஆசிரியைகளுக்கோ மிகச் சொற்பக் கொடுப்பனவு. வறுமையுற்ற ஆசிரியை எப்பக்கம் போவாள்? முன்பள்ளி முகாமைத்துவத்தின் மேற்பார்வை பதின்மூன்றாந் திருத்தத்தின்படி மாகாணத்திற்குரியது. 2013 இல் தெரிவாகிய வட மாகாண சபையின் காலம் 2018 இல் முடிவுற்றது. அவ்வைந்தாண்டுத் தீர்மானங்களைப் புரட்டுவோர், நம் கவனம் எங்கெங்கே சென்றது, எங்கே செல்லவில்லை என்பதைத் தாமே கண்டுகொள்வர்.

நம் ஊர்களிற் சனசமூக நிலையங்கள் உண்டு. மாலையிற் பத்திரிகை பார்க்கப் பத்துப் பேர் வருகின்றனர். மற்றைய நேரம் பூட்டு. சனிக்கிழமை காலையில் அதனைத் திறந்து, ஊரில் நொடியும் கதையும் அறிந்த மூதாட்டியர் இருவரை அழைத்து, ஐந்து வயதுக்குட்பட்டோரையும் அவர்தம் பெற்றோரையும் அமர்த்தினால் என்ன செலவாகும்? வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கங்கள் மணிக்கூட்டுக் கோபுரத்திற்கும் வரவேற்பு வளைவிற்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு, வீட்டுக்கு இரவல் கொடுக்கத்தக்க நூறு படப்புத்தகங்களை வாங்கப் போதும். தகப்பன்மாரும் வரவேண்டும் என்பதை அழுத்திச் சொல்கின்றேன்; பிள்ளை வளர்ப்புப் பெண்டிர் விடயம் என்று நம் ஆண்கள் ஒதுங்குவது நெடுங்கால வழக்கம்.

ஆகவே கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிற் காணி, மீன்பிடி, மொழி என்னும் மூன்றுக்கும் அடுத்ததாக ‘குழந்தைகளின் வீட்டுக் கல்வி’ என்பதை நான்காம் விடயமாகச் சேருங்கள். சனிக்கிழமை வகுப்பை எந்த நிலையத்தில், யார் பொறுப்பில் தொடங்குவது என்று அன்றே முடிவெடுங்கள். கூட்டத்திற்குப் பிள்ளைகளோடு வரும் தாய்மாருக்கு மண்டபத்தின் முன்வரிசையிலே பாய் விரியுங்கள்; பக்கத்தில் ஒரு பெட்டி குருமணலும் இரண்டு சுளகும் வைக்க மறவாதீர்கள்.